கெடிலக்கரையில் ஒரு நடை: வாசகர் கேள்வி பதில்

கடலூரையும் சுற்றுப்புறத்தையும் நடந்து பார்ப்பது பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். பாண்டியில் பிரெஞ்சுக்காரர் தெருக்களை எத்தனையோ முறை நடந்தாகிவிட்டது. பக்கத்தில்தானே கடலூர், ஒருநாள் போய் நடக்கலாம் என்றால் எல்லாரும் "அங்கே என்ன இருக்கு, சில்வர் பீச்தான்" என்கிறார்கள். நிஜமாகவே ஒன்றும் இல்லையா?
(முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி)

பதில்: நிறைய இருக்கிறது ஐயா. ஆனால் பாண்டியில் நடப்பது போல இங்கே நடக்க முடியாது. அங்கே கடற்கரையில் ஆரம்பித்து நேர்த்தெருக்களில் போனால் காலை பத்து மணிக்குள் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். கடலூர் அப்படி ஒரே ஊர் கிடையாது. தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று நாலு ஊர்கள், நடுவில் கெடிலம், தெற்கே உப்பனாறு, வடக்கே தென்பெண்ணை. ஒவ்வொரு ஊருக்கும் தனி வயது, தனி வேலை. ஒன்று கோட்டை ஊர், ஒன்று அதிகாரிகள் ஊர், ஒன்று கோயில் ஊர், ஒன்று துறைமுக ஊர். இது தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள். ஒரு காலைக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நிறைவாக இருக்கும்.

பாண்டியில் இருந்து வருகிற உங்களுக்கு நான் தேவனாம்பட்டினத்தில் இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. அங்கே முன்பே இருந்த ஒரு சிறு கோட்டையை 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கிப் பெரிதாகக் கட்டிக்கொண்டது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்களின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு மாறியது, 1752 வரை இங்கேதான் இருந்தது. அதாவது சில வருடங்களுக்குச் சென்னையின் இடத்தில் கடலூர் இருந்திருக்கிறது. சென்னை விழுந்ததும் மாறுவேடத்தில் தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்த இளம் குமாஸ்தாக்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அதே கிளைவ் பத்து வருடம் கழித்து இதே கோட்டைக்கு அதிகாரியாக வந்து பொறுப்பேற்ற நாள் 1756 ஜூன் 20. அன்றைக்குத்தான் ஆங்கிலேயர்களின் கல்கத்தா வங்காள நவாபின் கையில் விழுந்தது. சில மாதங்களில் அவர் இங்கிருந்து வங்காளத்துக்குப் போனார், அடுத்த வருடம் நவாபை வென்ற பிளாசிப் போர். அந்தக் கதை இந்த ஆற்றங்கரையில் இருந்துதான் கிளம்பியது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம் என்பது என் கருத்து.

அப்புறம் 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி பாண்டிச்சேரியில் வந்து இறங்கிய கையோடு இங்கே படையெடுத்தார், ஜூன் 2-ம் தேதி கோட்டை சரணடைந்தது. மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனாலும் பயன்படக்கூடாது என்று அரண்களை இடித்துப்போட்டார்கள். இரண்டரை வருடம் கழித்து, 1761 ஜனவரியில், பாண்டிச்சேரி ஆங்கிலேயர்களிடம் விழுந்தது. அவர்கள் பாண்டியின் கோட்டையையும் நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் தினமும் நடக்கிற வெள்ளை நகரத்துக் கட்டடங்கள் பெரும்பாலும் 1765-க்குப் பிறகு, ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தபின் எழுந்தவை. பாண்டிக்காரர்கள் கடலூரில் நடக்க வேண்டும் என்று நான் சொல்வதே இதனால்தான். இடிந்த கோட்டை இங்கே, அதற்கு விலை கொடுத்த தெருக்கள் அங்கே. அந்தக் காலத்துப் பாண்டியை நாள் தவறாமல் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையும் நகரம் விழுந்த அதே 1761 ஜனவரியில்தான் காலமானார்.

தேவனாம்பட்டினத்தில் இருந்து மஞ்சக்குப்பம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், காலையில் காலாற நடந்துவிடலாம். மைதானம், பழைய அரசு அலுவலகங்கள், கார்டன் ஹவுஸ் எல்லாம் அங்கே. கார்டன் ஹவுஸ் கம்பெனி ஆளுநர்களின் தோட்ட வீடு, பிறகு கலெக்டர்கள் குடியிருந்தார்கள். சாலையோரம் நிற்கிற பழைய மரங்களையும் பார்த்துக்கொண்டே போங்கள். எட்டரை மணிக்குமேல் வெயில் ஏறிவிடும், அதற்குள் டிபனுக்கு உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: கோட்டையைப் பார்க்கலாம் என்று நண்பர் சொன்னதை நம்பிப் போனேன். இரண்டு மூன்று சுவர்த் துண்டும் செங்கல் குவியலும்தான். இதற்காகவா இவ்வளவு தூரம் வருவது?
(விழுப்புரம் வாசகர்)

பதில்: உங்கள் ஏமாற்றம் புரிகிறது. செஞ்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலை முழுக்க மதில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குறைவாகத்தான் தெரியும். ஆனால் அங்கே சுவரை மட்டும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்தமுறை சுவருக்கு முதுகைக் காட்டி நின்று ஆற்றைப் பாருங்கள். வடக்கே போகிற கரைவழி, முன்னால் கடல், பின்னால் கெடிலத்தின் வழியாக உள்நாட்டில் இருந்து துணி வந்து இறங்குகிற வழி. இங்கே கோட்டை ஏன் வந்தது என்பதற்கு அந்த இடமே பதில். கம்பெனிக்கு வேண்டியிருந்தது துணி. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த துணியை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றத்தான் இவ்வளவு சண்டையும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வளவு கொஞ்சமாக மிச்சம் இருப்பதால்தான் அதைப் பார்க்கப் போகவேண்டும் என்கிறேன். யாருமே வராத இடத்தில் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவது சுலபம். நாலு பேர் வந்து நின்று படம் எடுத்து, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் அது குப்பை போடுகிற இடமாகத் தோன்றாது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, நம் ஊர்க்காரர்கள் மேலேயும் உண்டு. ஆனால் வருத்தப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் சுவர் நிற்காது.

கேள்வி: எங்கள் கிராமத்தைக் "குண்டு கிராமம்" என்று தாத்தா சொல்வார். கோட்டையில் இருந்து பீரங்கிக் குண்டு வந்து விழுந்த ஊர் என்று கதை. உண்மையா?
(கடலூர் கல்லூரி மாணவி)

பதில்: உண்மைதான், தாத்தா சரியாகச் சொல்லியிருக்கிறார். 1690-ல் கோட்டையை விற்றபோது, அதைச் சுற்றி ஒரு பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் ஊர்களும் சேர்த்துக் கொடுக்கப்படும் என்று பேச்சு. அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனி ஆட்கள் இருந்ததிலேயே நல்ல பீரங்கியைக் கொண்டுவந்து எல்லாத் திசையிலும் சுட்டார்கள். எங்கே குண்டு விழுந்ததோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். அப்படிப் போன ஊர்களுக்குத்தான் குண்டு கிராமங்கள் என்று பெயர். வயலில் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு அன்று காலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்குமா என்பதை யோசித்துப் பாருங்கள். ராஜா யார் என்பதை இரும்பு உருண்டை முடிவு செய்துவிட்டது. உங்கள் தாத்தா இருக்கிறார் என்றால் எந்த எல்லை வரை குண்டு கிராமம் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார் என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். கம்பெனிக் கணக்கில் அவர்கள் பக்கத்துக் கதை இருக்கிறது, நம் பக்கத்துக் கதை இப்படி வீட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: திருவந்திபுரம் மலைமேல் உள்ள ஹயக்ரீவரை, பிளஸ் டூ எழுதப்போகிற மகளுக்காகத் தரிசிக்க வேண்டும். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஏற முடியுமா? அங்கே வேறு என்ன பார்க்கலாம்?
(நெய்வேலி வாசகி)

பதில்: ஏறலாம் அம்மா. ஔஷதகிரி என்று பெயர் பெரிதாக இருந்தாலும் சிறிய குன்றுதான், 74 படி. நின்று நின்று ஏறினால் உங்கள் அம்மாவும் வந்துவிடுவார்கள், வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பதுதான் முக்கியம். கல் சூடேறிவிட்டால் வெறுங்காலோடு இறங்குவது பெரியவர்களுக்குச் சிரமம். முகூர்த்த நாளாகப் பார்த்துப் போகாதீர்கள். தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம் செய்வதாக வேண்டிக்கொள்கிறவர்கள் ஏராளம், நல்ல முகூர்த்தத்தில் நூற்றுக்கணக்கில் கல்யாணம் நடக்கும், தெருவில் நடக்கக்கூட இடம் இருக்காது.

கீழே இருக்கிற தேவநாத சுவாமி கோயில் திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். மேலே கல்விக்குரிய தெய்வமான லட்சுமி ஹயக்ரீவர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டுதான் இந்த மலை என்று தலபுராணம். இந்த மலையில் உட்கார்ந்து கருட மந்திரத்தை ஜெபித்த வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகருக்குக் கருடன் காட்சி கொடுத்து ஹயக்ரீவ மந்திரத்தைத் தந்தார் என்பது வைணவர்கள் போற்றுகிற வரலாறு. அதனால்தான் படிக்கிற பிள்ளைகளோடு இவ்வளவு பேர் வருகிறார்கள். தேசிகர் இந்த ஊரில் பல வருடம் வாழ்ந்தார். தேவநாதனைப் பற்றி அவர் தமிழில் மும்மணிக்கோவை, நவமணிமாலை, சமஸ்கிருதத்தில் தேவநாயக பஞ்சாசத், பிராகிருதத்தில் அச்யுத சதகம் என்று மூன்று மொழியிலும் பாடியிருக்கிறார். ஒரே ஊர்ப் பெருமாளை மூன்று மொழியில் பாடத் தோன்றியிருக்கிறதே, அந்த ஈடுபாட்டை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், பரீட்சைக்கு அதுவும் உதவும். அவர் தம் கையாலேயே கட்டியது என்று சொல்லப்படுகிற கிணறு அவருடைய திருமாளிகையில் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோயிலுக்குள் சேஷ தீர்த்தம் என்கிற கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போடுவது வழக்கம். பெருமாளுக்குத் தாகம் எடுத்தபோது ஆதிசேஷன் உண்டாக்கிய தீர்த்தம் அது. தண்ணீர் கொண்டுவரப் போன கருடன் தாமதமாகக் கொண்டுவந்த தண்ணீர்தான் கெடிலம், அதனால் அதற்குக் கருட நதி என்றும் பெயர். கிழக்கே போகிற அந்த ஆறு இங்கே கொஞ்ச தூரம் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது, அது விசேஷம் என்பார்கள். நேரம் இருந்தால் இன்னும் மேற்கே திருமாணிகுழி போகலாம், சம்பந்தர் பாடிய தலம். அங்கே கருவறையைத் திரை மூடியே இருக்கும், தீபாராதனை நேரத்தில் மட்டும் விலக்குவார்கள். அவசரமாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் சுவாமியைப் பார்க்க முடியாது, காத்திருக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்த்தபோது மலை உச்சியில் சின்னச் சின்ன சேப்பல்களுக்கு நடந்தே போவோம். ஊருக்குத் திரும்பிவிட்டேன். நம் பக்கத்தில் அப்படி மலைமேல் மாதா கோயில் இருக்கிறதா? கடலூரில் கிறிஸ்தவ வரலாறு பார்க்க எங்கே நடப்பது?
(முதுநகர் வாசகி, செவிலியர்)

பதில்: மலை வேண்டும் என்றால் நீங்கள் சென்னைக்குத்தான் போகவேண்டும் சகோதரி. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் பரங்கிமலை. அப்போஸ்தலர் தோமா உயிர்நீத்த இடம் என்று நம்பப்படுகிற அந்த மலைமேல் 1523-ல் போர்த்துக்கீசியர்கள் கோயில் கட்டினார்கள். 1547-ல் அங்கே தோண்டும்போது பஹ்லவி எழுத்து பொறித்த பழைய கற்சிலுவை கிடைத்தது, பீடத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். பழைய பாரசீகத்து எழுத்து நம் மலைமேல் எப்படி வந்தது என்று நினைத்தாலே கப்பல்கள்தான் ஞாபகம் வரும். அந்த மலைக்குப் படிக்கட்டு அமைத்துக் கொடுத்தவர் பெத்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், 18-ம் நூற்றாண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டியதும் அவர்தான். அங்கேயே பக்கத்தில் சின்னமலையும் இருக்கிறது, தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகையோடு. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம், ஆனால் பரங்கிமலையைப் படி வழியாகத்தான் ஏறவேண்டும், மேலே வண்டி போகிறதே என்று வண்டியில் போனால் உங்களுக்குப் பிடித்த அந்த நடை கிடைக்காது.

நம் கடலூர் மாவட்டத்தில் சமவெளிக் கோயில்கள்தான். விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில், வீரமாமுனிவர் எழுப்பியது. மாதா நம் ஊர்ப் பெண்ணைப் போலப் புடவை உடுத்தியிருப்பார். பாண்டிப் பக்கம் வில்லியனூரில் லூர்து மாதா. அங்கே குளத்தைச் சுற்றி நடந்து ஜெபிக்கலாம்.

கடலூருக்குள் என்றால் உங்கள் முதுநகரிலேயே ஆரம்பியுங்கள். 1740-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கீர்நாந்தர் என்ற லுத்தரன் குரு இங்கே வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார், தமிழில் போதித்தார். 1749-ல், பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவுகிறார்கள் என்ற சந்தேகத்தில் கம்பெனி கத்தோலிக்க குருக்களை வெளியேற்றி, அவர்களுடைய கோயிலை எடுத்து இவரிடம் கொடுத்தது. அதில் கத்தோலிக்கர்களுக்கு நடந்தது அநியாயம் என்றே நான் சொல்வேன், இரண்டு ராஜ்ஜியங்கள் சண்டை போட்டதில் ஜெபம் செய்கிறவர்கள் இடம் இழந்தார்கள். ஒன்பது வருடத்தில் அவருக்கும் அதே கதிதான். 1758-ல் லாலி வந்தபோது கீர்நாந்தர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. கல்கத்தா போனார், அங்கே அவர் கட்டி 1770-ல் திறந்த பழைய மிஷன் கோயில் இன்றும் இருக்கிறது. கல்கத்தாவில் லால் கிர்ஜா என்று கேட்டால் காட்டுவார்கள். முதுநகர் தெருவில் நடந்த ஒருவர்தான் அதைக் கட்டியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓ.டி.யில் (ஓல்டு டவுன், அதாவது முதுநகரில்) நடக்கும்போது இன்னொரு பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலை அம்மாள், 1890-ல் முதுநகரில் பிறந்தவர். 1857 கிளர்ச்சியில் மக்களைக் கொன்று குவித்த நீலின் சிலை சென்னையில் நின்றதே, அதை அகற்றச் சொல்லி 1927-ல் நடந்த போராட்டத்தில் தம் சிறுவயது மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறைசென்றவர். அந்தக் குழந்தைக்குக் காந்தி லீலாவதி என்று பெயர் வைத்துத் தம்மோடு வார்தாவுக்கு அழைத்துப்போனார். அஞ்சலை அம்மாள் காந்தியைச் சந்திக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடைபோட்டபோது, பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து சந்தித்துவிட்டார். உங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருப் பெண் அவர்.

கேள்வி: அப்பர் பெருமான் கல்லோடு மிதந்து கரையேறிய இடம் எது? திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் இருந்து நடந்து போக முடியுமா?
(சிதம்பரம் வாசகர்)

பதில்: போகலாம். கோயிலில் இருந்து வண்டிப்பாளையம் பக்கம் நடந்தால் கரையேறவிட்டகுப்பம். சித்திரையில் அங்கே கரையேறிய விழா நடக்கும், அந்த நாளில் போனால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆனால் கோயிலில் கொஞ்சம் நின்று போங்கள். பாதிரி மரம் தலமரம், அதனால்தான் சுவாமி பாடலீசுவரர், ஊரும் அந்தப் பெயர். ஒரு காலத்தில் இது பெரிய சமண ஊர். பாடலிகா என்ற இந்த ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் என்ற உலக அமைப்பு நூலை எழுதி முடித்தது கி.பி. 458-ல், காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்ட காலம். அப்பரும் முதலில் இங்கேதான் தருமசேனர் என்ற பெயரில் சமணர்களுக்குத் தலைவராக இருந்தார். சூலை நோய் வந்து, திருவதிகையில் இருந்த அக்காள் திலகவதியாரிடம் போய், சைவத்துக்குத் திரும்பினார். பல்லவ மன்னன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் எறியச் செய்தான். அவர் கரையேறியது, தாம் விட்டுவிட்டு வந்த அதே பாடலி ஊரில். கரையேறியதும் அவர் பாடிய பதிகம் "ஈன்றாளுமாய்" என்று தாயிடம் பேசுவது போல ஆரம்பிக்கும். பிறகு மன்னனும் மனம் மாறி, பாடலியில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணதரவீச்சரம் கட்டினான் என்று பெரியபுராணம் சொல்கிறது.

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன், அப்பர் பாட்டு கேட்டால் எனக்கு நெஞ்சு இளகும். இருந்தாலும் அந்தத் தெருக்களில் நடக்கும்போது, ஒரு நூல் எழுதி முடித்த பள்ளி எங்கே இருந்திருக்கும் என்று நினைக்காமல் நடக்க முடிவதில்லை. நீங்களும் இரண்டையும் நினைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

கேள்வி: கேப்பர் மலை என்கிறார்களே, அது மலையா? பாரதியார் இருந்த சிறையைப் பார்க்கலாமா?
(பண்ருட்டி வாசகர்)

பதில்: மலை என்பதைவிட செம்மண் மேடு என்பது சரி. கேப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தச் செம்மண்ணைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நிலவியல் படிக்கிறவர்கள் இதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலி பழுப்பு நிலக்கரியும், பாண்டிக்கு மேற்கே திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரங்களும் இந்தப் பாறைவரிசையைச் சேர்ந்தவைதான். ஊரில் இருக்கிற எல்லாக் கோட்டைக்கும் கோயிலுக்கும் முந்தியது உங்கள் காலடியில் இருக்கிறது. மேட்டில் நின்று கிழக்கே பார்த்தால் தாழ்வான கடற்கரையும் ஆறும் ஊர்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்பது விளங்கும். கடலூரில் நடப்பவர்கள் முதல்நாளோ கடைசிநாளோ இங்கே ஏறவேண்டும், நான் கடைசிநாள் என்பேன். நடந்த இடங்களை மேலே இருந்து அடையாளம் கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

பாரதியார் பத்து வருடம் பாண்டியில் இருந்துவிட்டு, 1918 நவம்பர் 20-ம் தேதி எல்லையைத் தாண்டி ஆங்கிலேயப் பகுதிக்குள் வந்தார், உடனே பிடித்துவிட்டார்கள். டிசம்பர் 14 வரை கடலூர் சிறை. கடையத்துப் பக்கம்தான் இருக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு விட்டார்கள். பாண்டியில் அவர் வீட்டைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, அந்தப் பத்து வருடத்தின் முடிவு இங்கே என்பதைப் பாண்டிக்கு வருகிறவர்களுக்கு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். சிறை இன்றும் சிறைதான். முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, வாசலில் நின்று படமும் எடுக்காதீர்கள், காவலர்களுக்குச் சங்கடம்.

கேள்வி: நடப்பதற்கு எந்த மாதம் நல்லது?
(திண்டிவனம் வாசகர்)

பதில்: தையும் மாசியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, கெடிலத்திலும் பெண்ணையிலும் தண்ணீர் வந்துவிட்டால் தாழ்வான பகுதிகளில் நடக்கவே முடியாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியது இந்தக் கடற்கரையில்தான், ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் விடியற்காலையைத் தவிர வேண்டாம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு காலை மட்டும் அழைத்துப்போக அனுமதி கிடைத்திருக்கிறது. எல்லா இடமும் காட்ட முடியாது. எதைக் காட்டலாம்?
(குறிஞ்சிப்பாடி ஆசிரியை)

பதில்: தேவனாம்பட்டினம் ஒன்று போதும் டீச்சர். பஸ்ஸில் ஏற்றி நாலு இடம் இறக்கி ஏற்றினால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கோட்டை மிச்சம், ஆற்று முகம், மீனவர் தெரு, கடல். முந்தினநாள் வகுப்பிலேயே குண்டு கிராமக் கதையைச் சொல்லிவிடுங்கள். அங்கே போனதும், இங்கிருந்து சுட்டால் குண்டு எதுவரை போயிருக்கும் என்று அவர்களையே வரைபடம் போடச் சொல்லலாம், நிச்சயம் சண்டை வரும், வரட்டும். மீனவர் தெருவில் பெரியவர்கள் யாரிடமாவது முன்கூட்டியே பேசிவைத்தால் 2004 சுனாமி பற்றிச் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகள் முன்னால் சட்டென்று கேட்காதீர்கள், நிறைய வீடுகளில் உயிர்ச்சேதம் நடந்த ஊர் அது, அவர்கள் சம்மதித்தால் மட்டும் கேளுங்கள். கடலில் இறங்க விடவேண்டாம், ஆறு சேருகிற இடத்தில் இழுப்பு அதிகம். தொப்பி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், குப்பை போட ஒரு சாக்கு. பிள்ளைகள் போட்ட வரைபடங்களை எனக்கு அனுப்பிவையுங்கள், நன்றாக வந்ததை அடுத்த இதழில் போடுகிறோம்.